கெடு தாண்டிய ஒப்புதல்கள்: எப்போது, யாரிடம், எப்படி மேலே அனுப்புவது?

கேள்வி: புதிய பணியாளருக்குக் கணக்கு திறப்பது, செக்யூரிட்டி குரூப்பில் சேர்ப்பது, அட்மின் உரிமை தருவது என எல்லாவற்றையும் தானியங்கி ஒர்க்ஃப்ளோவுக்கு (படிப்படியாகத் தானே ஓடும் பணி வரிசைக்கு) மாற்றிவிட்டோம். கோரிக்கை வந்ததும் மேலாளருக்கு ஒப்புதல் மெயில் போகிறது. அவர் சம்மதித்ததும் ஸ்கிரிப்ட் வேலையை முடித்துவிடுகிறது. ஆனால் அவர் விடுப்பில் இருந்தாலோ மெயிலைக் கவனிக்காவிட்டாலோ கோரிக்கை நாள்கணக்கில் அப்படியே கிடக்கிறது. தினமும் நினைவூட்டியும் பலனில்லை. மூன்று நாளில் பதில் வராவிட்டால் தானாகவே ஒப்புதல் ஆகிவிடும்படி வைத்துவிடலாமா? அல்லது அடுத்த அதிகாரிக்கு அனுப்புவதா? எப்படி அமைப்பது?

பதில்: தானாக ஒப்புதல் ஆகும்படி மட்டும் வைக்காதீர்கள். அப்படி வைத்தால், மேலாளர் விடுப்பில் போகும் நாளாகப் பார்த்துக் கோரிக்கை போட்டாலே அட்மின் உரிமை கிடைத்துவிடும். தணிக்கையாளர் ‘இதற்கு யார் ஒப்புதல் தந்தார்?’ என்று கேட்டால் காட்ட ஒரு பெயர்கூட இருக்காது. நினைவூட்டலை நம்பியும் பயனில்லை. விடுப்பில் இருப்பவருக்குப் பத்து மெயில் போனாலும் அவர் விடுப்பில்தான் இருப்பார். முடிவெடுக்கும் பொறுப்பு குறித்த நேரத்தில் வேறொருவர் கைக்கு மாற வேண்டும். அதற்குத்தான் எஸ்கலேஷன், அதாவது கோரிக்கையை அடுத்த படிக்கு மேலே அனுப்புவது.

முதலில் தீர்மானிக்க வேண்டியது, கடைசிவரை யாருமே பதில் சொல்லாவிட்டால் என்ன நடக்க வேண்டும் என்பது. இதற்கு எல்லாக் கோரிக்கைக்கும் பொதுவான விடை கிடையாது. வகைவகையாகத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அட்மின் உரிமை, சம்பள விவரம் போன்ற முக்கியத் தரவுக்கான அணுகல் எல்லாம் கெடு முடிந்தால் காலாவதியாக வேண்டும். தேவைப்படுபவர் மறுபடி கேட்கட்டும். மைக்ரோசாஃப்ட் என்ட்ராவில் உயர் உரிமைகளை நிர்வகிக்கும் பிரிவிலெஜ்டு ஐடென்டிட்டி மேனேஜ்மென்ட்டும் இப்படித்தான் நடந்துகொள்கிறது: 24 மணி நேரத்தில் ஒப்புதல் வராவிட்டால் அந்தக் கோரிக்கை செல்லாது. புதிய பணியாளரின் கணக்குக்குக் கெடு எண்ணும் முறை வேறு. அங்கே கெடுவைக் கோரிக்கை வந்த நேரத்திலிருந்து முன்னோக்கி எண்ணாமல், சேரும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். திங்களன்று சேருபவருக்கு வியாழன் மாலைக்குள் முடிவு வேண்டும் என்றால், புதன் காலையே கோரிக்கை அடுத்த படிக்குப் போயிருக்க வேண்டும்.

வேலையை விட்டுப் போனவரின் கணக்கை முடக்குவதற்கு ஒப்புதலுக்காகக் காத்திருக்கவே கூடாது. மனிதவளத் துறையின் பதிவு வந்ததும் முடக்கிவிடுங்கள். தவறென்றால் திரும்பத் திறந்துவிடலாம். கணக்கை அழிப்பதற்கு மட்டும் ஒப்புதல் கேட்டால் போதும். பொதுவான மெயில் பட்டியலில் சேர்ப்பது போன்ற சின்ன வேலைகளுக்கு ஒப்புதல் தேவைதானா என்பதையே யோசியுங்கள். தேங்கிக் கிடப்பவற்றில் இந்த வகை அதிகமாக இருந்தால், எஸ்கலேஷனைவிட ஒப்புதல் படியையே எடுத்துவிடுவது நல்ல தீர்வு.

காத்திருப்பை எங்கே வைப்பது?

பலர் செய்வது, ஒர்க்ஃப்ளோவுக்குள்ளேயே ‘48 மணி நேரம் காத்திரு’ என்று ஒரு படியைச் சேர்ப்பது. சிறிய அமைப்பில் அது ஓடும். ஆனால் சர்வர் மறுபடி தொடங்கும்போது, காத்திருந்த ஓட்டம் (ஒர்க்ஃப்ளோவின் அந்த இயக்கம்) தொலைந்துபோகலாம். கெடு விதியை நீங்கள் மாற்றினாலும் ஏற்கெனவே காத்திருக்கும் கோரிக்கைகளுக்குப் பழைய விதியே நீடிக்கும். எவையெல்லாம் கெடு தாண்டின என்று ஒரே பார்வையில் பார்க்கவும் வழியிருக்காது.

கெடுவைக் கோரிக்கையின் பதிவிலேயே எழுதி வைப்பது உறுதியான முறை. ஒவ்வொரு ஒப்புதல் பணிக்கும் இவை இருக்கட்டும்: கோரிக்கை எண், நிலை, இப்போது யாரிடம் இருக்கிறது, அவரிடம் போன நேரம், அவருக்கான கெடு, மொத்தக் கோரிக்கைக்கான இறுதிக் கெடு, எஸ்கலேஷன் படி எண். 15 நிமிடத்துக்கு ஒருமுறை தானாக ஓடும் ஒரு ஷெட்யூல்டு டாஸ்க் (நேரம் குறித்து வைத்த பணி), நிலை ‘காத்திருப்பு’ என்றும் கெடு இப்போதைய நேரத்துக்கு முந்தையது என்றும் உள்ள பதிவுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் ஒரு படி மேலே நகர்த்தும்.

நகர்த்தும் இடத்தில்தான் பெரும்பாலான பிழைகள் நுழைகின்றன. ஸ்கிரிப்ட் பதிவைப் படித்த நொடிக்கும் மாற்றி எழுதும் நொடிக்கும் நடுவே பழைய மேலாளர் ‘ஒப்புதல்’ பொத்தானை அழுத்திவிடலாம். அவருடைய முடிவின் மீது எஸ்கலேஷன் ஏறி உட்கார்ந்துவிடும். இதைத் தடுக்க, மாற்றி எழுதும் கட்டளையிலேயே நிபந்தனை வையுங்கள்: ‘நிலை இன்னும் காத்திருப்பாகவும், படி எண் நான் படித்த அதே எண்ணாகவும் இருந்தால் மட்டும் மாற்று.’ மாறிய வரிசைகள் பூஜ்யம் என்று வந்தால் வேறொருவர் முந்திக்கொண்டார் என்று பொருள்; மெயில் அனுப்பாமல் விட்டுவிடுங்கள். இதே நிபந்தனை ஒப்புதல் பொத்தானுக்குப் பின்னாலும் இருக்க வேண்டும். மெயில் எப்போதுமே பதிவு மாறிய பிறகுதான் போக வேண்டும். முதலில் மெயில், பிறகு பதிவு என்றால், டேட்டாபேஸ் தடுமாறும் ஒவ்வொரு முறையும் அதே எஸ்கலேஷன் மெயில் 15 நிமிடத்துக்கு ஒன்றாகக் கொட்டும்.

மைக்ரோசாஃப்டின் ஒர்க்ஃப்ளோ கருவியான பவர் ஆட்டோமேட் பயன்படுத்துபவர்களுக்குத் தனியாக ஒரு குறிப்பு. அங்கே ஒரு ஓட்டம் அதிகபட்சம் 30 நாள்தான் உயிரோடு இருக்கும். ‘ஸ்டார்ட் அண்ட் வெயிட்’ ஒப்புதல் படியின் அமைப்பில் டைம்அவுட் (காத்திருப்பு வரம்பு) கொடுத்து, அடுத்த படி ‘டைம்டு அவுட்’ ஆனால் மட்டும் ஓடும்படி ‘ரன் ஆஃப்டர்’ அமைப்பை மாற்றினால் எஸ்கலேஷன் கிளை கிடைக்கும். டைம்அவுட்டை ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேச நேரக் குறியீட்டு வடிவத்தில் எழுத வேண்டும்: 48 மணி நேரத்துக்கு ‘PT48H’, இரண்டு நாளுக்கு ‘P2D’. நடுவில் வரும் ‘T’ எழுத்தில் கவனம் தேவை. ‘PT30M’ என்பது 30 நிமிடம். ‘P30M’ என்பது 30 மாதம். இந்த நேரம் கடிகார நேரமாகவே ஓடும், சனி, ஞாயிறு என்று பார்க்காது. இன்னொன்று, டைம்அவுட் ஆன பிறகும் பழைய கோரிக்கை முதலாமவரின் பட்டியலில் திறந்தே கிடக்கும். அவர் பிறகு அதை அழுத்தினாலும் ஓட்டத்தில் எந்த மாற்றமும் வராது. அவர் ‘நான்தான் ஒப்புதல் தந்துவிட்டேனே’ என்று நினைத்துக்கொண்டிருப்பார். எனவே ‘இது உங்களிடமிருந்து மாற்றப்பட்டுவிட்டது’ என்ற மெயில் அவருக்குக் கட்டாயம் போக வேண்டும்.

கடிகாரம்

நேரங்களை யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) சேமியுங்கள். காட்டும்போது மட்டும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றுங்கள். கெடுவை வேலை நேரத்தில் எண்ணுங்கள். வேலை நேரம் காலை 9 முதல் மாலை 6 வரை, கெடு 8 வேலை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளி மாலை 5.30-க்கு வந்த கோரிக்கைக்கு அன்று அரை மணிதான் கணக்கு. மீதி ஏழரை மணி திங்களன்று ஓடி, மாலை 4.30-க்குக் கெடு முடியும். இதையே ‘24 மணி நேரம்’ என்று எழுதியிருந்தால் சனி மாலையே எஸ்கலேஷன் போயிருக்கும். மேலாளர் ஒரு தவறும் செய்யாமலே அவருடைய மேலதிகாரிக்குப் புகார் போனதுபோல் ஆகிவிடும். இப்படி இரண்டு முறை நடந்தால் போதும், எஸ்கலேஷன் மெயிலுக்கு உள்ள மதிப்பே போய்விடும். விடுமுறைப் பட்டியலும் நேர மண்டலமும் ஒப்புதல் தருபவருடையதாக இருக்க வேண்டும், கோரிக்கை போட்டவருடையது அல்ல.

‘கூடுதல் விவரம் தேவை’ என்று திருப்பி அனுப்பும்போது கடிகாரம் நிற்பது நியாயம்தான். ஆனால் கெடுவைத் தள்ளிப்போட அதையே சாக்காக்கிக்கொள்ள முடியும். ஆகவே ஒரு கோரிக்கைக்கு ஒருமுறைதான் நிறுத்தம், இறுதிக் கெடு மட்டும் எதற்கும் நிற்காது என்று விதி வையுங்கள்.

யாரிடம் போக வேண்டும்?

ஆக்டிவ் டைரக்டரியில் (பயனர் கணக்குகளை வைத்திருக்கும் மைக்ரோசாஃப்ட் அமைப்பில்) ஒவ்வொரு பயனருக்கும் ‘மேனேஜர்’ என்ற புலம் உண்டு. அதைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறுவது இயல்பான வழி. ஆனால் அந்தப் புலம் காலியாக இருக்கலாம். மேலாளர் நிறுவனத்தை விட்டுப் போய், அவர் கணக்கு முடக்கப்பட்டிருந்தாலும் புலம் அவரையே காட்டிக்கொண்டிருக்கும். உச்சியில் இருப்பவருக்கு மேலாளரே இருக்க மாட்டார். சில இடங்களில் அவருக்கு அவரே மேலாளர் என்று பதிந்திருப்பார்கள், ஸ்கிரிப்ட் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும். சில நேரம், மேலாளரின் மேலாளர்தான் கோரிக்கையைப் போட்டவராகவே இருப்பார்.

ஆகவே அடுத்தவரைத் தேடும்போது ஐந்து சோதனை போடுங்கள். கணக்கு செயலில் இருக்கிறதா (‘யூசர் அக்கவுண்ட் கன்ட்ரோல்’ மதிப்பில் 2 என்ற பிட் இருந்தால் முடக்கப்பட்டது), மெயில்பெட்டி உண்டா, கோரிக்கை போட்டவரோ பயன்பெறுபவரோ அல்லதானே, இதே கோரிக்கையை ஏற்கெனவே பார்த்தவர் அல்லதானே, தானியங்கி விடுப்புப் பதில் போட்டிருக்கிறாரா? கடைசியை மைக்ரோசாஃப்ட் கிராஃப் (மைக்ரோசாஃப்ட் சேவைகளின் தரவை ஸ்கிரிப்ட் படிக்க உதவும் இடைமுகம்) தரும் மெயில்பெட்டி அமைப்புகளிலிருந்து படிக்கலாம். விடுப்பில் இருப்பது முதல் நாளே தெரிந்தால், கெடு முடியும்வரை காத்திருக்கத் தேவையே இல்லை. அவர் நியமித்த மாற்று ஆளிடம் நேரே அனுப்புங்கள். இந்தத் தேடலைக் கோரிக்கை வந்த அன்றே செய்து வைத்துக்கொள்ளாமல், படி ஏறும் நொடியில் செய்யுங்கள். நடுவில் ஆட்கள் மாறியிருப்பார்கள்.

இரண்டு படிக்கு மேல் ஏறாதீர்கள். தலைமை நிர்வாகியின் மெயில்பெட்டியில் ஒரு குரூப் கோரிக்கை போய் விழுவதால் எந்தப் பயனும் இல்லை. அதற்குப் பதில், ஒவ்வொரு அமைப்பின் உரிமையாளர் தரப்பிலும் குறைந்தது மூன்று பேர் கொண்ட ஒப்புதல் குழுவைக் கடைசிப் படியாக வையுங்கள். அந்தக் குழுவில் உரிமையைச் செயல்படுத்தும் ஐடி அட்மின்கள் இருக்கக் கூடாது. கேட்பவர், ஒப்புபவர், செய்பவர் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பதைத்தான் தகவல் பாதுகாப்புத் தரமான ஐஎஸ்ஓ 27001-இன் 2022 பதிப்பில் 5.3-ஆம் கட்டுப்பாடு கேட்கிறது.

முதல் எஸ்கலேஷனில் பழையவரிடமிருந்து முழுதாகப் பிடுங்காமல், புதியவரையும் சேர்த்துக்கொள்வது நல்லது. இருவரில் யார் முதலில் முடிவெடுத்தாலும் செல்லும். கோரிக்கையின் பின்னணி பெரும்பாலும் பழையவருக்குத்தான் தெரியும். இரண்டாம் படியில் குழுவுக்கு முழுமையாக மாற்றிவிடுங்கள்.

மெயிலும் இணைப்பும்

கெடுவின் பாதியில் ஒரே ஒரு நினைவூட்டல் போதும். எஸ்கலேஷன் மெயிலின் தலைப்பிலேயே யாருக்கு, என்ன உரிமை, எந்த நேரத்துக்குள், முடிவெடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பவை இருக்கட்டும். கோரிக்கை எண் மட்டும் உள்ள தலைப்பை யாரும் திறப்பதில்லை.

ஒரு முக்கிய எச்சரிக்கை: மெயிலில் உள்ள ‘ஒப்புதல்’ இணைப்பைத் திறந்த மாத்திரத்தில் ஒப்புதல் பதிவாகும்படி அமைக்காதீர்கள். மெயில் பாதுகாப்பு மென்பொருள்கள் இணைப்புகளைச் சோதிக்கத் தாங்களே திறந்து பார்க்கும். மனிதர் யாரும் பார்க்காமலே ஒப்புதல் விழுந்துவிடும். லாகில் (நிகழ்வுப் பதிவேட்டில்), மெயில் போன சில நொடிகளில் ஒப்புதலும் மறுப்பும் அடுத்தடுத்து வந்திருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். இணைப்பு, கெட் (GET, பக்கத்தைப் படிக்க மட்டும் கேட்பது) வேண்டுகோளாக ஒரு பக்கத்தை மட்டும் காட்டட்டும். அங்கே லாகின் செய்து பொத்தானை அழுத்தும்போது, போஸ்ட் (POST, தரவைப் பதிய அனுப்புவது) வேண்டுகோளாக முடிவு பதிவாகட்டும்.

ஒப்புதல் கிடைத்த உடனே ஸ்கிரிப்ட் கண்ணை மூடிக்கொண்டு ஓடவும் கூடாது. இரண்டு வாரம் சுற்றி வந்த கோரிக்கை என்றால், பயனர் இன்னும் அதே துறையில் இருக்கிறாரா, அந்த குரூப் இருக்கிறதா என்று மறுபடி பார்த்துவிட்டுச் செய்யட்டும்.

நடைமுறைக்குக் கொண்டுவருவது

முதல் நாள் ஷெட்யூல்டு டாஸ்க்கை ஓட்டியதும், ஏற்கெனவே தேங்கிய கோரிக்கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் மேலே பாயும். அதைத் தவிர்க்க, முதல் வாரம் ‘யாருக்கு என்ன போயிருக்கும்’ என்று லாகில் மட்டும் எழுதும் முறையில் ஓட்டுங்கள். 30 நாளுக்கு மேல் பழையவற்றை மூடி, தேவையென்றால் மறுபடி போடச் சொல்லிவிடுங்கள். ஒரு ஓட்டத்தில் ஒரு கோரிக்கை ஒரு படிக்கு மேல் ஏறக்கூடாது. புதியவரின் கெடு அவரிடம் போன நேரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். இல்லையென்றால், டாஸ்க் இரண்டு நாள் நின்றுபோய் மறுபடி ஓடும்போது நடுவில் உள்ளவருக்கு வாய்ப்பே தராமல் கடைசிப் படிக்குத் தாவிவிடும்.

டாஸ்க் நின்றதே தெரியாமல் போவதும் உண்டு. எஸ்கலேஷன் மெயில் வரவில்லை என்றால் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் நேரத்தை ஓரிடத்தில் எழுதச் சொல்லி, ஒரு மணி நேரம் புதிய பதிவு இல்லாவிட்டால் உங்கள் மானிட்டரிங் கருவி அலறும்படி வையுங்கள். அந்தக் கருவி வேறு சர்வரில் இருக்க வேண்டும்.

சோதனைக்கு 8 மணி நேரம் காத்திருக்க வேண்டாம். கெடு மதிப்புகளைக் கான்ஃபிக் (அமைப்பு) கோப்பில் வைத்திருந்தால் 5 நிமிடமாகக் குறைத்துப் பார்க்கலாம். மேலாளர் புலம் காலி, முடக்கப்பட்ட மேலாளர், தனக்குத் தானே மேலாளர், எஸ்கலேஷன் நொடியிலேயே பழையவரின் ஒப்புதல், வெள்ளி மாலைக் கோரிக்கை ஆகிய ஐந்தையும் ஓட்டிப் பாருங்கள். கடைசியைச் சோதிக்கும்போது மட்டும் கெடுவைப் பழைய 8 மணி நேரத்துக்கே மாற்றி, பதிவில் விழும் கெடு நேரம் சரியா என்று பாருங்கள்.

ஓடத் தொடங்கிய பிறகு மாதம் ஒருமுறை, எந்த வகைக் கோரிக்கை இரண்டாம் படிவரை போகிறது என்று எண்ணுங்கள். ஒரே குரூப்புக்கான கோரிக்கைகள் தொடர்ந்து அங்கே போனால், முதல் படியில் இருப்பவர் அதற்குச் சரியான ஆளே அல்ல. பெரும்பாலும் நேரடி மேலாளரை எடுத்துவிட்டு, அந்தத் தரவின் உரிமையாளரை முதல் படியில் வைத்தால் சரியாகிவிடும்.