தெரு, அளவு, உபயோகம்: வடசென்னை வாசகர்களின் சொத்துவரிக் கேள்விகள்

கேள்வி: எங்கள் வீடு தண்டையார்பேட்டையில், தம்பி வீடு திருவொற்றியூரில். இரண்டும் 800 சதுர அடிதான், இரண்டும் சென்னை மாநகராட்சிதான். 2022-இல் வரி ஏறியபோது எங்களுக்கு மட்டும் ஏன் கூடுதலாக ஏறியது?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: மாநகராட்சி ஒன்றுதான். ஆனால் 2022 உயர்வுக்கு ஊரை இரண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். தண்டையார்பேட்டை, ராயபுரம், பெரம்பூர் எல்லாம் பழைய மாநகராட்சிப் பகுதி. திருவொற்றியூர், மணலி, மாதவரம், கத்திவாக்கம் ஆகியவை 2011-இல் சேர்ந்தவை.

பழைய பகுதியில் குடியிருப்புக்கு 600 சதுர அடி வரை 50 விழுக்காடு, 601 முதல் 1,200 வரை 75, 1,201 முதல் 1,800 வரை 100, அதற்கு மேல் 150 என்று ஏற்றினார்கள். சேர்ந்த பகுதிக்கு இதே படிகளில் 25, 50, 75, 100. முன்பு இருவரும் அரையாண்டுக்கு 1,000 ரூபாய் கட்டியிருந்தால், உங்களுக்கு 1,750, தம்பிக்கு 1,500. பழைய பகுதியில் 1998-க்குப் பிறகு நிலைத்து நின்ற பொதுச் சீராய்வே கிடையாது (2018-இல் ஏற்றியதை 2019-இல் நிறுத்திவைத்தார்கள்). அந்தப் பாக்கியை ஒரே மூச்சில் பிடித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024 செப்டம்பரில் மாநகராட்சி மன்றம் தீர்மானித்த 6 விழுக்காடு இதற்கும் மேல் ஏறியது.

600-க்குப் பக்கத்தில் நிற்கும் வீட்டுக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வரிக்கு எடுப்பது சுவர் உட்பட்ட அளவு. உள்ளே 26 அடிக்கு 21 அடி என்றால் 546 சதுர அடி, 600-க்குள் இருக்கிறோம் என்று நினைப்போம். நான்கு பக்கமும் ஒன்பது அங்குலச் சுவரைச் சேர்த்தால் 27.5-க்கு 22.5, அதாவது 618.75. தாண்டிவிட்டது, 50-க்குப் பதில் 75. அளக்க வரும்போது டேப்பின் இன்னொரு முனையை நீங்களே பிடியுங்கள். எழுதிக்கொள்ளும் எண்களை உங்கள் தாளிலும் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கீழ்த்தளத்தில் 900 சதுர அடி வீடு. வாசல் அறை 150 சதுர அடியில் தையல் கடை வைக்கப் போகிறோம். வீடு முழுக்கக் கமர்ஷியல் ஆகிவிடுமா? மாடியை வாடகைக்கு விட்டிருப்பதும் கமர்ஷியல் கணக்கா?
– வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: இரண்டாவதை முதலில் முடித்துவிடலாம். குடியிருக்க வாடகைக்கு விட்டால் அது குடியிருப்புதான். கமர்ஷியல் என்பது வாடகை வாங்குவதைப் பொறுத்ததல்ல, அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆனால் உரிமையாளரே குடியிருந்தால் மதிப்பில் ஒரு கழிவு உண்டு, கட்டடத்தின் வயதுக்கும் கழிவு உண்டு. எனவே வரி மதிப்பீட்டு ஆணையில் எந்தத் தளத்துக்கு ‘சொந்தம்’, எதற்கு ‘வாடகை’ என்று எழுதியிருக்கிறது என்பதைப் பாருங்கள்.

கடை விஷயத்தில், கடையாக மாறிய 150 சதுர அடிக்கு மட்டும்தான் குடியிருப்பு அல்லாத விகிதம் போட வேண்டும். இதில் ஏமாந்தால் எவ்வளவு போகும் என்பதைக் கணக்காகவே போட்டுப் பார்ப்போம். மாநகராட்சியின் பழைய சூத்திரம் இது: சதுர அடியை அந்தத் தெருவின் அடிப்படை விகிதத்தால் (சதுர அடிக்கு மாதம் இத்தனை ரூபாய் என்று தெருவுக்குக் குறித்த எண்) பெருக்கினால் மாத வாடகை மதிப்பு. அதை 10.92-ஆல் பெருக்கினால் ஆண்டு மதிப்பு. ஏன் 12 இல்லை என்றால், 12 மாதத்தில் பத்தில் ஒரு பங்கு நிலத்துக்கு (1.2). மீதி 10.8 கட்டடத்துக்கு, அதில் பழுதுபார்ப்புக்குப் பத்து விழுக்காடு கழித்தால் 9.72. இரண்டையும் கூட்டினால் 10.92. ஆண்டு மதிப்பு 5,000 ரூபாயைத் தாண்டினால் அரையாண்டு வரி அதில் 12.40 விழுக்காடு. பொது வரி 9, கல்வி வரி 2.5, நூலக வரி 0.9.

உங்கள் தெருவுக்குக் குடியிருப்பு விகிதம் 1 ரூபாய், கடைக்கு 4 ரூபாய் என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். முழுவதும் கடை என்று எழுதினால் மாதம் 3,600, ஆண்டு மதிப்பு 39,312, அரையாண்டு வரி சுமார் 4,875. சரியாகப் பிரித்தால் 750-க்கு 750 ரூபாய், 150-க்கு 600 ரூபாய், மாதம் 1,350, ஆண்டு மதிப்பு 14,742, வரி சுமார் 1,828. கழிவுகளையும் 2022 உயர்வையும் இதில் சேர்க்கவில்லை. இருந்தாலும் ஒரே ஒரு தப்பான எழுத்தில் இரண்டரை மடங்குக்கு மேல் போய்விடுகிறது, பாருங்கள்.

பிரித்துக் காட்டுவது உங்கள் கையில். கடைக்கும் வீட்டுக்கும் நடுவே கதவோ சுவரோ இருக்கட்டும். துணி மூட்டைகள் நடுக்கூடம் வரை வந்துவிட்டால், பார்ப்பவர் கூடத்தையும் சேர்த்தே எழுதுவார். கடைக்குத் தனி மின் மீட்டர் வாங்கிவிடுங்கள். ஒரே மீட்டரை வணிகக் கட்டணத்துக்கு மாற்றிக்கொண்டால், அந்த ஈ.பி. கார்டே வீடு முழுக்கக் கடை என்று சாட்சி சொல்லும். அறைகளுக்கு அளவு குறித்த ஒரு கை வரைபடம், இரண்டு மீட்டர் கார்டுகளின் நகல், கடைசி வரி ரசீது, பத்திர நகல் ஆகியவற்றுடன் மண்டல அலுவலகத்தின் வருவாய்ப் பிரிவில் மனு கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். பிற்பாடு கடையை மூடினால் அதையும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஷட்டர் இறங்கியதை யாரும் தானாக வந்து பார்த்துக் குறைக்கப் போவதில்லை.

ஆணை தப்பாக வந்துவிட்டால், நோட்டீசில் உள்ள கெடுவுக்குள் எந்தத் தளம், எத்தனை சதுர அடி, எந்த உபயோகம் தவறு என்று எண்ணோடு எழுதுங்கள். ‘வரி அதிகம், குறைக்கவும்’ என்ற மனுவுக்கு யாராலும் பதில் எழுத முடியாது.

கேள்வி: எங்கள் பிளாட் பத்திரத்தில் 410 சதுர அடி என்று இருக்கிறது. வரி 780-க்குப் போட்டிருக்கிறார்கள். எது சரி?
– வாசகர், பெரம்பூர்

பதில்: பத்திரத்தில் அந்த 410 எந்த வரியில் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அது யூ.டி.எஸ்., அதாவது பிரிக்கப்படாத நிலத்தின் பங்கு. வரி நிலப் பங்குக்கு அல்ல, கட்டடப் பரப்புக்கு. கட்டுமான ஒப்பந்தத்தில் பிளிந்த் ஏரியா (சுவர் உட்பட்ட கட்டடப் பரப்பு) என்று ஒரு எண் இருக்கும், ஒப்பிட வேண்டியது அதோடுதான். அது 720 என்றிருந்தால் கேள்வி கேட்க இடமுண்டு. 780 என்றே இருந்தால் மனு போட்டுப் பயனில்லை.

கேள்வி: முப்பது வருடமாக வீட்டுவரி கட்டுகிறோம். புறம்போக்கு இடம். வரி ரசீதை வைத்துப் பட்டா கேட்கலாமா?
– வாசகர், காசிமேடு

பதில்: ரசீது பட்டா ஆகாது. கட்டடம் நிற்கிறது, அதை அனுபவிக்கிறீர்கள் என்பதற்குத்தான் வரி. நிலம் யாருடையது என்பதை அது தீர்மானிப்பதில்லை. பட்டாவுக்கு வட்டாட்சியரிடம் போக வேண்டும். அங்கே இத்தனை ஆண்டுகளாகக் குடியிருக்கிறீர்கள் என்று காட்டப் பழைய ரசீதுகள் உதவும், தூக்கி எறிய வேண்டாம்.

கேள்வி: மாதவரத்தில் காலிமனை வாங்கி வீடு கட்டிவிட்டேன். வீட்டுக்கும் வரி, மனைக்கும் வரி என இரண்டு டிமாண்ட் காட்டுகிறது.
– வாசகர், மாதவரம்

பதில்: காலிமனைக்குத் தனி வரி எண் இருந்திருக்கும். புதுக் கட்டடத்துக்கு விண்ணப்பித்தபோது அந்தப் பழைய எண்ணைக் குறிப்பிடாவிட்டால் இரண்டும் தனித்தனியே ஓடும். இரண்டு எண்களையும் எழுதி, கட்டடத்தின் மதிப்பீட்டு ஆணையை இணைத்து, அது அமலான அரையாண்டு முதல் காலிமனை வரியை ரத்து செய்யக் கேளுங்கள். அதற்கு முந்தைய காலத்து மனை வரிப் பாக்கியைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

கேள்வி: மறு அளவீடு கேட்டிருக்கிறேன். முடிவு வரும்வரை வரி கட்டாமல் இருக்கலாமா?
– வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: வேண்டாம். முதல் அரையாண்டு ஏப்ரலில், அடுத்தது அக்டோபரில் தொடங்குகிறது. அந்தந்த மாதம் முடிவதற்குள் கட்டினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை, உச்சம் 5,000 ரூபாய். தாமதித்தால் மாதம் 1 விழுக்காடு வட்டி. பழைய அளவுக்கான தொகையையாவது கட்டி ரசீதை மனுவோடு இணைத்து வையுங்கள், தகராறு மிச்சத்துக்கு மட்டும்தான் என்று ஆகிவிடும். ஒன்று மறக்க வேண்டாம்: குடிநீர் வாரியம் தன் 7 விழுக்காடு வரியையும் இதே ஆண்டு மதிப்பின் மேல்தான் போடுகிறது. மாநகராட்சியில் மதிப்பு குறைந்து ஆணை வந்தால், அதன் நகலை வாரியத்தின் பகுதி அலுவலகத்திலும் கொடுங்கள்.