அணுக்கரு வானியற்பியலில் பட்டப்பின் ஆய்வு செய்பவர் மூளை விஞ்ஞானத்துக்கு மாற முடியுமா?

கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் முடிக்கும் ஒருவருக்கு இக்கேள்வி எழுவது இயல்பே. முடியும்.

அணுக்கரு வானியற்பியல் என்பது, விண்மீன்களுக்குள் அணுக்கருக்கள் மோதி இணைந்து புதிய மூலகங்கள் உருவாகும் விதத்தை ஆராயும் துறை. நம் இரத்தத்திலுள்ள இரும்பும் அப்படி வந்ததே. சூரியனின் மையம் ஏறத்தாழ 1.5 கோடி பாகை செல்சியஸ் வெப்பநிலையில் இருந்தும், நேரேற்றமுள்ள கருக்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் இணைவு மிக அரிதாகவே நிகழ்கிறது. அதனால்தான் சூரியன் ஏறத்தாழ 460 கோடி ஆண்டுகளாகியும் எரிபொருள் தீராமல் ஒளிர்கிறது. அந்த அரிய தாக்கத்தை ஆய்வுகூடத்தில் அளக்க முயன்றால், வானிலிருந்து பொழியும் அண்டக் கதிர்கள் அதனை மூழ்கடித்துவிடும் என்பதால், இத்தாலியின் கிரான் சாசோ மலையில் 1,400 மீற்றர் பாறைக்கு அடியில், துகள்களை வேகமூட்டும் ஆர்முடுக்கியை வைத்து அளக்கிறார்கள்.

மூளை இயங்கும்போது எழும் காந்தப்புலமோ பூமியினதைவிடக் கோடிக்கணக்கான மடங்கு நலிவானது; அதையும் காந்தக் கவசமிட்ட அறைக்குள்தான் அளக்கிறார்கள். மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தில் வாகனங்கள் ஓய்ந்த பௌர்ணமி இரவில், தோணியிலிருந்து துடுப்பை வாவிக்குள் இறக்கி, மறுமுனையில் காதை வைத்துப் பாடும் மீனைக் கேட்க முயல்வதைப் போன்றவை இவ்விரண்டும். இரைச்சலிலிருந்து சைகையைப் பிரிக்கும் கணிதமும் நிரலாக்கமும் இரு துறைக்கும் பொது. நரம்புகள் தொழிற்படும் விதத்தை ஆராயும் நரம்பு உடற்றொழிலியலை மட்டும் புதிதாகப் படிக்க வேண்டும். அது சிறு வேலையல்ல.

அணுக்கரு வானியற்பியலாளர்கள் இரவெல்லாம் தொலைநோக்கியின் முன் அமர்ந்திருப்பார்கள் எனப் பலர் எண்ணுவதுண்டு. உண்மையில் அவர்களுள் பெரும்பாலோரின் பொழுது உணரிகளுடனும் கணினியுடனுமே கழிகிறது.