ஆஸ்பத்திரி பெருசா இருந்தா சாவு கொறையுமா?

கேள்வி: கொரோனாவுல அமெரிக்காவுல 11 லட்சம் பேருக்கு மேல போயிட்டாங்க, ஜப்பான்ல அதுல பத்துல ஒரு பங்குகூட இல்ல. எல்லாருக்கும் இன்சூரன்ஸ் இருக்கற நாடு, இல்லாத நாடு, இதுதான் வித்தியாசமா?

பதில்: அது ஒரு காரணம், ஆனா அது மட்டும் இல்லைங்க. மொத்தக் கணக்க விட்டுட்டு பத்து லட்சம் பேருக்கு எத்தனைனு பாருங்க. அமெரிக்காவுல 3,300 பக்கம், ஜப்பான்ல 600 பக்கம். இத்தனைக்கும் வயசானவங்கள அதிகமா அடிச்ச நோய் இது, ஜப்பான்ல நூத்துக்கு 29 பேரு 65 வயசு தாண்டினவங்க, அப்போ வித்தியாசம் இன்னும் பெருசுதான். அமெரிக்காவுல 2020ல சுமார் 2.8 கோடி பேருக்கு இன்சூரன்சே இல்ல, காய்ச்சல் வந்தாலும் பில்லுக்கு பயந்து வீட்லயே கெடந்தவங்க உண்டு, அத நெனச்சாலே மனசு தாங்கல. ஆனா பிரிட்டன பாருங்க, 1948லேர்ந்து அரசாங்கமே இலவசமா வைத்தியம் பாக்குது, அங்கயும் பத்து லட்சத்துக்கு 3,000 தாண்டிருச்சு. 2019 அக்டோபர்ல வந்த உலக சுகாதாரப் பாதுகாப்பு தரவரிசைல, தொத்துநோய சமாளிக்க தயாரா இருக்கற நாடுங்கனு மொத எடம் அமெரிக்காவுக்கு, ரெண்டாவது பிரிட்டனுக்கு!

ஆஸ்பத்திரி கடைசி கட்டம்தான், அதுக்கு முன்னாடியே பாதி முடிவாயிடுது. நியூசிலாந்து 2020 மார்ச்லயே எல்லைய மூடிருச்சு, தடுப்பூசி பெரும்பாலான பெரியவங்களுக்கு போட்ட பிறகுதான் 2022ல தெறந்துச்சு, அந்த ரெண்டு வருஷமும் வழக்கமா நடக்கற சாவ விட அங்க அதிகம் நடக்கவே இல்ல.

கேள்வி: பத்து லட்சம் பேருக்கு எத்தனைங்கற லிஸ்ட்ல தென் அமெரிக்காவுல இருக்கற பெரு நாடுதான் மொதல்ல நிக்குது. அவ்ளோ மோசமான நாடா?

பதில்: மோசம்னு சொல்லாதீங்க, அவங்க எண்ணிப் பாத்து ஒத்துக்கிட்டாங்க. 2021 மே 31ல 69,342ங்கற கணக்க 1,80,764னு அவங்களே திருத்துனாங்க, எந்த அரசாங்கம் அந்த மாதிரி செய்யும்? 2020, 2021 ரெண்டு வருஷத்துலயும் உலகம் பூரா பதிவான கொரோனா சாவு சுமார் 54 லட்சம், வழக்கத்த விட கூடுதலா நடந்த சாவு 1.49 கோடினு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. இந்தியாவுக்கு மட்டும் 47 லட்சம்னு போட்டாங்க, பதிவானது 4.8 லட்சம்தான், அந்த கணக்கு போட்ட முறைய நம்ம அரசாங்கம் ஒத்துக்கல. அதனால கூடுதல் சாவு கணக்க வெச்சுதான் நாடுகள ஒப்பிடணும், அறிவிச்ச கணக்க வெச்சு இல்ல. பெருவுல ஆஸ்பத்திரி வசதிக்கும் நெஜமாவே பஞ்சம் இருந்துச்சு, ஐசியு படுக்கை கொறைவு, ஆக்சிஜன் சிலிண்டர நிரப்ப சொந்தக்காரங்க ராத்திரி பூரா க்யூல நின்னாங்க.