அமெரிக்கக் கல்லூரிகளில் ‘அத்லெடிக் டைரக்டர்’ என்பவர் யார், என்ன செய்வார்?

ஒரு கல்லூரியின் அத்தனை விளையாட்டு அணிகளுக்கும் நிர்வாகத் தலைவர் அவர்தான். பயிற்சியாளர்களை நியமிப்பது, நீக்குவது, வரவு செலவு, நன்கொடை திரட்டுவது, விதிமீறல் நடக்காமல் பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு.

இதற்கென்று தனி ஆள் எதற்கு? பணம்தான் காரணம். பெரிய பல்கலைக்கழகங்களில் அமெரிக்கக் கால்பந்து கோடிகளைக் கொட்டும். நீச்சல், வாள்வீச்சு போன்றவை பெரும்பாலும் செலவுதான் வைக்கும். கூட்டுக் குடும்பத்தில் மூத்தவன் சம்பளத்தில் மற்ற பிள்ளைகளுக்கும் ஃபீஸ் கட்டி, மூத்தவன் முகம் சுளிக்காமலும் பார்த்துக்கொள்கிற பெரியவரின் வேலை மாதிரி. அப்புறம், 1972-இல் வந்த ‘டைட்டில் நைன்’ சட்டப்படி பெண்கள் அணிகளுக்கும் சம வாய்ப்பு தர வேண்டும்.

ஜீன் ஸ்மித்தை எடுத்துக்கொள்ளுங்கள். நோட்ர டேம் பல்கலைக்கழகத்தின் 1973 சாம்பியன் அமெரிக்கக் கால்பந்து அணியில் ஆடியவர். ஈஸ்டர்ன் மிச்சிகன், அயோவா ஸ்டேட், அரிசோனா ஸ்டேட் பல்கலைக்கழகங்கள் என்று படிப்படியாக ஏறி, 2005 முதல் 2024 வரை ஒஹாயோ ஸ்டேட்டில் இந்தப் பதவியில் இருந்தார்; அங்கே 36 அணிகள். சறுக்கலும் உண்டு. கால்பந்து வீரர்கள் விதியை மீறித் தங்கள் பரிசுப்பொருள்களைக் கொடுத்துப் பச்சை குத்திக்கொண்ட விவகாரத்தில், 2011-இல் பயிற்சியாளர் ஜிம் டிரெஸ்ஸல் பதவி விலகினார். அந்த சீசனின் ‘பௌல்’ ஆட்டத்தை (சீசன் முடிவில் நடக்கும் சிறப்பு ஆட்டம்) தண்டனையாக ஏற்று ஒஹாயோ ஸ்டேட் தானாகவே விட்டுக்கொடுக்கவில்லை. அதனால் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. விதித்த பௌல் தடை அடுத்த சீசனில் விழுந்தது. 2012-இல் 12 ஆட்டங்களையும் வென்ற அணி, பௌல் ஆட முடியாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தது. அங்கே ஸ்மித்தின் கணக்கு தப்பியது என்றே எனக்குப் படுகிறது.

அத்லெடிக் டைரக்டர் என்றால் நம் ஊர்க் கல்லூரி பி.டி. சார் மாதிரி என்று பலர் நினைக்கிறார்கள். மைதானத்தில் விசில் ஊதிப் பயிற்சி தருவது இவர் வேலையே அல்ல.