மண்ணுக்குள் ஆயில் டேங்க்: ஆற்றுக்கு இக்கரையில் ஒரு சட்டம், அக்கரையில் இன்னொன்று

கேள்வி: எடிசனில் வாடகைக்கு இருக்கிறோம். வாங்குவதற்கு இரண்டு வீடுகள் பார்த்திருக்கிறோம். ஒன்று நியூ ஜெர்சியிலேயே, மற்றது டெலவேர் ஆற்றைத் தாண்டி பென்சில்வேனியாவில். இரண்டிலும் தோட்டத்துக்கு அடியில் பழைய ஹீட்டிங் ஆயில் டேங்க் இருக்கிறது. "எப்போதோ மூடியாச்சு, கவலை வேண்டாம்" என்கிறார்கள் ஏஜென்ட்கள். சட்டம் இரண்டு இடத்துக்கும் ஒன்றுதானே?

பதில்: ஒன்றல்ல. மாசடைந்த இடங்களைச் சுத்தம் செய்ய 1980-இல் வந்த மத்திய சட்டமான சூப்பர்ஃபண்டில் பெட்ரோலியத்துக்கு விலக்கு உண்டு. நிலத்தடி டேங்குகளுக்கான மத்திய விதிகளும், வீட்டைச் சூடாக்க அங்கேயே எரிக்கும் எண்ணெயை வைத்திருக்கும் டேங்குகளைத் தொடுவதில்லை. அதனால் உங்கள் டேங்க் முழுக்க மாநிலத்தின் கையில்.

நியூ ஜெர்சி கறாரான மாநிலம். கசிவுகளுக்கான அதன் 1976-இன் ஸ்பில் சட்டப்படி, கசிவு இருப்பது தெரிந்தோ, விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும் என்ற நிலையிலோ இடத்தை வாங்கினால், சுத்தம் செய்யும் பொறுப்பு உங்கள் மேலும் விழும். டேங்கைப் புதைத்தது யார் என்பது உங்களைக் காப்பாற்றாது. கசிவு தெரிந்தால் சுற்றுச்சூழல் துறையான டிஇபி-யின் ஹாட்லைனுக்கு உடனே சொல்லியாக வேண்டும். விற்பவர்கள் மண் பரிசோதனைக்குத் தயங்குவது பெரும்பாலும் இதனால்தான்.

"மூடியாச்சு" என்று சொல்லி உங்களிடம் நீட்டப்படும் தாளைக் கவனமாகப் படியுங்கள். நகராட்சியின் பெர்மிட்டில் இன்ஸ்பெக்டர் கையெழுத்திட்டிருந்தால், டேங்கை எடுத்தார்கள் அல்லது மணல் நிரப்பி அப்படியே விட்டார்கள் என்று மட்டுமே பொருள். மண் சுத்தம் என்று அது சொல்லவில்லை. கசிவு நடந்து சுத்தம் செய்திருந்தால், 'இனி எதுவும் செய்ய வேண்டியதில்லை' என்று டிஇபி தரும் 'நோ ஃபர்தர் ஆக்‌ஷன்' கடிதம் இருக்க வேண்டும். இவை இரண்டும் வேறு வேறு. பழைய பெர்மிட்டுகளை, அரசு ஆவணங்களைப் பொதுமக்கள் கேட்டுப் பெற வழிசெய்யும் ஓப்ரா சட்டத்தின் கீழ் நகராட்சியிடமே கேட்டு வாங்கலாம். பொதுவாக 7 வேலை நாட்களுக்குள் பதில் வர வேண்டும்.

பென்சில்வேனியாவின் டேங்க் சட்டம் வீட்டு ஹீட்டிங் ஆயில் டேங்கை ஒழுங்குபடுத்துவதில்லை. அங்கே மாசைச் சுத்தம் செய்வதற்கான 1995-இன் 'ஆக்ட் 2' சட்டம் இருக்கிறது: இயற்கைப் பின்னணி அளவு, மாநில சுகாதார அளவு, அந்த இடத்துக்கென்றே கணக்கிட்ட அளவு என்ற மூன்றில் ஒன்றை எட்டியதாகக் காட்டி அரசு ஏற்றுக்கொண்டால், பொறுப்பிலிருந்து விடுதலை கிடைக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் உங்கள் வீட்டு விற்பனையாளர் அந்த வழியில் போயிருப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். அங்கே உங்களைக் காப்பது நீங்கள் எழுதும் ஒப்பந்தம்தான்.



இரண்டு வீட்டுக்கும் முதலில் 'டேங்க் ஸ்வீப்', அதாவது மண்ணுக்குள் டேங்க் இருக்கிறதா என்று கருவியால் தேடும் சோதனை, செய்யுங்கள். வேறு டேங்கும் புதைந்திருக்கலாம். பிறகு டேங்கின் பக்கங்களிலும் அடிமட்ட ஆழத்திலும் மண் எடுத்து லேபுக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஹோம்ஓனர்ஸ் இன்சூரன்ஸை நம்பி இறங்க வேண்டாம். பல பாலிசிகள் சொந்த மண்ணின் மாசை விலக்கிவிடுகின்றன.

நியூ ஜெர்சியில் ஏஜென்ட் தயாரித்த ஒப்பந்தத்துக்கு 3 வேலை நாள் வக்கீல் பரிசீலனை உண்டு. 'டேங்கை எடுத்து, தேவையானால் டிஇபி கடிதமும் பெற்ற பிறகே குளோசிங் (விற்பனையை முடிப்பது)' என்ற நிபந்தனையை அப்போது சேர்க்கச் சொல்லுங்கள். பென்சில்வேனியாவில் அந்த மூன்று நாள் தானாகக் கிடைக்காது. கையெழுத்துக்கு முன்பே வக்கீலைப் பாருங்கள். மண் பரிசோதனைக்கே விற்பவர் சம்மதிக்கவில்லையா? எவ்வளவு பிடித்த வீடானாலும் விட்டுவிடுங்கள்.