34 வயது டிஃபென்ஸ்மேனை இப்போதே கைமாற்றலாமா?

கேள்வி: நான் ஆதரிக்கும் என்.எச்.எல். (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) அணி, கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுப் பக்கமே போகவில்லை. ஆண்டுக்கு 80 லட்சம் டாலர் வாங்கும் 34 வயது டிஃபென்ஸ்மேனுக்கு (தற்காப்பு வீரர்) இன்னும் 3 ஆண்டு ஒப்பந்தம் மீதி இருக்கிறது. பாயின்ட் (கோல், கோலுக்கு உதவும் பாஸ்) நன்றாகவே எடுக்கிறார். டிரேடு செய்வது சரியா?

பதில்: சரிதான். பாயின்ட் எடுக்கும்போதே விற்றால்தான் விலை போகும். 2022-23 சீசனில் சான் ஹோசேயின் எரிக் கார்ல்சன் 101 பாயின்ட் எடுத்து சிறந்த டிஃபென்ஸ்மேனுக்கான நாரிஸ் கோப்பை வாங்கினார். அணியோ அடிமட்டத்தில் கிடந்தது. அந்த ஆகஸ்டிலேயே அவரை பிட்ஸ்பர்க்குக்கு அனுப்பிவிட்டார்கள். 1.15 கோடி டாலர் சம்பளக் கணக்கில் 15 லட்சம் மட்டும் சான் ஹோசே தலையில் நின்றது. பதிலுக்கு வேறு சில பாரமான ஒப்பந்தங்களைச் சுமக்க வேண்டியிருந்தாலும், 2024 டிராஃப்டின் (இளம் வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் நிகழ்வு) முதல் சுற்றுத் தேர்வு ஒன்று கிடைத்தது.

முதலில் ஒப்பந்தத்தைப் பாருங்கள். 'நோ மூவ்மென்ட்' விதி இருந்தால் வீரர் சம்மதிக்காமல் எதுவும் நடக்காது. குறிப்பிட்ட அணிகளுக்கு மட்டும் மறுக்கும் உரிமை என்றால், மிஞ்சிய அணிகள்தான் உங்கள் சந்தை. ஏஜென்டிடம் அமைதியாகப் பேசுவதற்கு முன்பே செய்தி கசிந்துவிட்டால் பேரம் பேசும் பலம் போய்விடும்.

வாங்க வருபவர் உங்களைப்போல் பாயின்டை மட்டும் எண்ணமாட்டார். பவர்-பிளேயில் (எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் நேரம்) வந்ததைக் கழித்துவிட்டு, ஐந்துக்கு ஐந்து ஆட்டத்தைப் பார்ப்பார். நீங்களும் அப்படியே பாருங்கள். எதிரணி பக்கை (ஹாக்கி வட்டு) மூலைக்கு அடித்து விரட்டும்போது, இவர் திரும்புமுன் தோளுக்கு மேல் ஒருமுறை பார்க்கிறாரா? முதல் தொடுதலிலேயே பாஸ் போகிறதா, அல்லது போர்டில் (மைதானச் சுவர்) மோதிய பிறகா? வேகமாக வரும் விங்கரைத் (ஓரத் தாக்குதல் வீரர்) தன் பகுதி தொடங்கும் நீலக்கோட்டில் மறிக்காமல் கோலை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டே போனால், கால் சொன்னபடி கேட்கவில்லை என்று அர்த்தம். பாயின்ட் குறைவதற்கு முன்பே தெரிந்துவிடும் அறிகுறி இது.

அடுத்தது கணக்கு. விற்கும் அணி அதிகபட்சம் 50% சம்பளத்தைத் தன்னிடம் நிறுத்திக்கொள்ளலாம், அதாவது அந்தப் பங்கைத் தானே சுமக்கலாம். ஒரே நேரத்தில் அப்படி 3 ஒப்பந்தம்தான் முடியும். 25% நிறுத்தினால் ஆண்டுக்கு 20 லட்சம், 3 ஆண்டில் தீர்ந்துவிடும். பைஅவுட் செய்தால், அதாவது பணம் கொடுத்து ஒப்பந்தத்தை முறித்தால்? மீதி 2.4 கோடியில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 1.6 கோடி, இரட்டிப்புக் காலமான 6 ஆண்டுக்குப் பரவும்: ஆண்டுக்குச் சுமார் 26.7 லட்சம். அதுவும் முழுத் தொகையும் சாதாரணச் சம்பளமாக இருந்தால்தான். சைனிங் போனஸாக (ஒப்பந்தத்தில் தனியாக உறுதி செய்த தொகை) எழுதியதில் ஒரு டாலரும் குறையாது.

வான்கூவர் இதில் நன்றாக மாட்டிக்கொண்டது. 2021இல் ஆலிவர் எக்மன்-லார்சனை வாங்க, மற்றவற்றோடு 9ஆவது டிராஃப்ட் தேர்வையும் கொடுத்தது. அரிசோனா 12% நிறுத்திக்கொண்டும் ஆண்டுக்கு 72.6 லட்சம் வந்து விழுந்தது. இரண்டே சீசனில் பைஅவுட். அந்தச் சுமை 2030-31 வரை கணக்கில் நிற்கும். அவரோ 2024இல் ஃப்ளோரிடாவுடன் என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையைத் தூக்கினார்! ஆள் மோசமில்லை, ஒப்பந்தம்தான் அவருக்கு மேல் கனத்தது.

உங்களுக்குச் சாதகமான விஷயம், ஓர் அணியின் மொத்தச் சம்பள உச்சவரம்பு ஏறுகிறது: 2024-25இல் 8.8 கோடி, 2025-26இல் 9.55 கோடி, 2026-27இல் 10.4 கோடி. 80 லட்சம் என்பது 9 சதவீதத்திலிருந்து 8க்கும் கீழே இறங்குகிறது.

மார்ச் மாத டிரேடு கெடுவை நம்ப வேண்டாம். கோப்பைக்கு ஓடும் அணிகளிடம் அப்போது உச்சவரம்பில் இடம் இருக்காது. 3 ஆண்டு சுமையை யாரும் அவசரத்தில் ஏற்கவும் மாட்டார்கள். ஜூன் கடைசி டிராஃப்டிலிருந்து ஜூலை வரைதான் நல்ல நேரம். ஜூலை 1இல் போனஸ் இருந்தால், அதை நீங்களே கொடுத்த பிறகு விற்றால் வாங்குபவரின் ரொக்கச் செலவு குறையும். கையை இறுக்கிப் பிடிக்கும் முதலாளிகள் அதற்கு மசிவார்கள்.

ஒன்று மட்டும் வேண்டாம். "டிராஃப்ட் தேர்வையும் சேர்த்துக் கொடுத்தால் எடுத்துக்கொள்கிறோம்" என்று யாராவது சொன்னால் ஃபோனை வைத்துவிடலாம். அடிமட்ட அணிக்கு இடம் பஞ்சமில்லை. ஒப்பந்தத்தின் கடைசி மார்ச்சில் பாதியை நிறுத்திக்கொண்டால் அவர் 40 லட்சம் டாலர் வீரர். அனுபவசாலி தேடும் அணி அப்போது தானாக வரும்.