காயலான் கடையில் கார் பாகம்: கேள்வி பதில்

அம்பாசிடர், பத்மினி, பழைய மாருதி 800 போன்ற வண்டிகளை இன்னும் விடாமல் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. பதில் சொல்பவர், சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் கையில் கிரீஸ் படத் தேடிப் பழகியவர்.

கேள்வி (தாம்பரம்): முதல் முறையாகப் புதுப்பேட்டைக்குப் போகிறேன். ஏமாறாமல் வாங்க என்ன வழி?

கழற்றிய பழைய பாகத்தைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். "மார்க் 4 அம்பாசிடருக்கு வேண்டும்" என்று மாடல் பெயரை வாயால் சொன்னால், தன்னிடம் எது இருக்கிறதோ அதையே மார்க் 4 என்பார் கடைக்காரர். உற்பத்தி நின்ற 2014 வரை அம்பாசிடரின் உருவம் பெரிதாக மாறவில்லை. அதனால் எந்த வண்டியின் பாகமும் எதற்கும் பொருந்தும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் கிரில், டாஷ்போர்டு, மீட்டர், எஞ்சின் என்று உள்ளே மாறியவை நிறைய. கையில் மாதிரி இருந்தால் துளையோடு துளை வைத்துப் பார்த்துவிடலாம்.

அங்கே கடைக்கு ஒரு சரக்கு. ஒருவரிடம் கதவுகள் மட்டும், அடுத்தவரிடம் கியர் பாக்ஸ் மட்டும், இன்னொருவரிடம் கூரை வரை விளக்குகள். "உட்காருங்கள், எடுத்து வரச் சொல்கிறேன்" என்று ஒருவர் பையனை அனுப்பினால், அவன் நான்கு கடை தள்ளிப் போய் எடுத்து வருவான். அந்த நடைக்கும் சேர்த்து விலை ஏறும். நீங்களே நடந்துவிடுங்கள். தாராளமாகப் பேரம் பேசலாம். வண்டி நடுவழியில் நிற்கிறது என்பதை மட்டும் வெளியே சொல்ல வேண்டாம். ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் போன்றவை வாங்கினால், ஓடாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வதாகப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

கேள்வி (கும்பகோணம்): என்னுடைய 1984 அம்பாசிடர் பெட்ரோல் வண்டி புகை கக்குகிறது. பழைய எஞ்சின் ஒன்றை வாங்கி மாற்றலாமா? கான்டெசா காரின் இசுசு (ஜப்பான் நிறுவனம்) எஞ்சின் போடச் சொல்லி ஒரு மெக்கானிக் தூண்டுகிறார்.

முதலில் உங்கள் எஞ்சினையே பிரித்துப் பாருங்கள். அது 1489 சிசி கொண்ட பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) எஞ்சின், முழுக்க வார்ப்பிரும்பு. பிளாக்கில் விரிசல் இல்லாதவரை லேத் பட்டறையில் சிலிண்டரின் உட்துளையைக் கடைந்து பெரிதாக்கி, கிராங்க் தண்டைக் கிரைண்டிங் செய்து, பெரிய அளவு பிஸ்டன் போட்டு மீட்டுவிடலாம். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எஞ்சின் எண்ணும் அப்படியே இருக்கும்.

வேறு எஞ்சின்தான் வேண்டும் என்றால், தரையில் கிடக்கும்போதே சோதிக்கலாம். ஆயில் அளவுக் குச்சியை உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த காபியாகத் தெரிந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது, விட்டுவிடுங்கள். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையாகக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, உடன் வந்தவரைக் கிராங்கைச் சுற்றச் சொல்லுங்கள். காற்று விரலைத் தள்ள வேண்டும். நான்கில் ஒன்று சோர்ந்து தள்ளினாலும் அங்கே வால்வோ ரிங்கோ போயிருக்கிறது. ஹெட் தனியாகக் கிடந்தால் அதன் முகத்தில் இரும்பு ஸ்கேலைக் குறுக்கே நிறுத்தி வெளிச்சத்தில் பிடியுங்கள். அடியில் வெளிச்சம் கசிந்தால் வளைந்திருக்கிறது. வால்வு இருக்கைகளுக்கு நடுவே மயிரிழை போல ஓடும் விரிசலை டீசல் தொட்டுத் துடைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இசுசு விஷயத்தில் மெக்கானிக் சொல்வது பொய்யில்லை. கான்டெசா கிளாசிக்கிலும் அம்பாசிடர் 1800 ஐ.எஸ்.இசட். வண்டியிலும் இருந்தது அதே 1817 சிசி எஞ்சின்தான். ஐந்து கியர் வேறு. ஆனால் எஞ்சினை மட்டும் தூக்கி வந்தால் மவுண்டிங், புரொப்பெல்லர் தண்டு, ரேடியேட்டர், கிளட்ச் என்று ஒவ்வொன்றாகச் செலவு வைக்கும். ஒரே வண்டியிலிருந்து முழு செட்டாகக் கிடைத்தால் மட்டுமே கை வையுங்கள். அதோடு, மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவுப்படி ஆர்.டி.ஓ. ஒப்புதல் பெற்று ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். இதை மெக்கானிக்குகள் சொல்வதில்லை. விபத்து இழப்பீடு கேட்கும் நாளில் காப்பீட்டு நிறுவனம் சொல்லும்.

கழற்றப் போகிறவர்களுக்கு இன்னொன்று: பி.எம்.சி. எஞ்சின் போல்ட்டுகள் அங்குல அளவு. அரை அங்குலம், 9/16 அங்குல ஸ்பேனர்கள் வேண்டும். இசுசுவுக்கு மில்லிமீட்டர். நெருக்கமான அளவு என்று மாற்றிப் போட்டுத் திருகினால் போல்ட் தலை மழுங்கிவிடும்.

கேள்வி (மதுரை): 1992 மாருதி 800 வைத்திருக்கிறேன். ஆம்னி பாகங்கள் சேருமா?

எஞ்சின் இரண்டிலும் அதே 796 சிசி குடும்பம். ஆகவே பிஸ்டன், வால்வு போன்ற உள்பாகங்களை ஆம்னியிலிருந்து தேடலாம். கியர் பாக்ஸைத் தொடாதீர்கள். 800 முன்சக்கரத்தால் ஓடுகிறது, ஆம்னி பின்சக்கரத்தால். 2000-க்குப் பிறகு வந்த எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைத் தெளிக்கும் முறை) வண்டியின் எரிபொருள் அமைப்பும் உங்கள் கார்புரேட்டர் வண்டிக்கு உதவாது.

கேள்வி (திருச்சி): எதையெல்லாம் பழையதாக வாங்கவே கூடாது?

ரப்பரை. பிரேக் ஹோஸ் வெளியே பளபளப்பாக இருந்தாலும் உள்ளே உப்பி வழி அடைத்திருக்கும். பிரேக் வாஷர்கள், மாஸ்டர் சிலிண்டர் கிட், எஞ்சின் டைமிங் பெல்ட் எல்லாம் புதிதாகத்தான் போட வேண்டும். புதிய உதிரிபாகத்துக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை இருக்கிறது. விபத்து வண்டியின் சீட் பெல்ட்டும் வேண்டாம். ஒரு முறை இழுபட்ட நாடா மறுமுறை தாங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

டயருக்கு டிரெட்டை (தரையைத் தொடும் பள்ளக்கோடுகளை) பார்த்து மயங்காதீர்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். கறுப்பு பாலிஷ் தடவி அடுக்கிய டயர்களில் அந்த எண்ணே சுரண்டப்பட்டிருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (வேளச்சேரி): வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் பாகத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனை கார்கள் மூழ்கின என்பதை வேளச்சேரிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்படிப்பட்ட வண்டிகளும் உடைப்புக்குத்தான் வருகின்றன. கதவோ ஸ்டீல் பாகமோ என்றால் உலர்த்திப் பெயிண்ட் அடித்துப் பயன்படுத்தலாம். ஒயரிங், கன்ட்ரோல் யூனிட், மீட்டர் கன்சோல் ஆகியவைதான் ஆபத்து. கனெக்டரைப் பிரித்து உள்ளே பாருங்கள். பித்தளை முனைகளில் பச்சைப் பூப்பு இருந்தால் நீர் புகுந்திருக்கிறது. விளக்குக் கூட்டின் உள்மூலையில் மெல்லிய வண்டல் கோடும் காட்டிக்கொடுக்கும். துடைக்கிறவர்கள் அந்த மூலை வரை கையை நுழைப்பதில்லை.

கேள்வி (கோயம்புத்தூர்): திருட்டு வண்டியின் பாகம் கையில் சிக்கினால்?

திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆம் பிரிவின்படி குற்றம். கதவுக் கைப்பிடிக்கெல்லாம் பயப்பட வேண்டாம். எஞ்சினுக்குப் பில், பழைய வண்டியின் ஆர்.சி. நகல் இரண்டும் கேளுங்கள். எண் பொறித்த இடத்தை விரலால் தடவுங்கள். சுற்றிலும் வார்ப்பின் சொரசொரப்பு இருக்க, அங்கே மட்டும் வழவழப்பாக இருந்தால் அரம் போட்டிருக்கிறார்கள். "பில்லெல்லாம் எதற்கு சார்" என்று சிரிக்கும் கடைக்கு நீங்களும் சிரித்துவிட்டு வந்துவிடலாம். உங்கள் பழைய வண்டியை உடைப்புக்குக் கொடுக்கும்போதும் பதிவை ரத்து செய்யுங்கள். இல்லையென்றால் அது இன்னும் உங்கள் பெயரிலேயே உலவும்.

கேள்வி (சேலம்): பத்மினிக்குக் கதவும் குரோம் பம்பரும் எங்கே கிடைக்கும்?

மும்பை குர்லா. வண்டியைத் தயாரித்த ஊரும் அதுவே, பழைய பாகச் சந்தையும் அங்கே பெரிது. அந்நகரின் கறுப்பு-மஞ்சள் பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபர் இறுதியில் சாலையைவிட்டு விலகின. எனவே தள்ளிப்போடாதீர்கள். பம்பரில் நசுங்கலைப் பார்த்து ஒதுக்காதீர்கள். டிங்கரிங் செய்பவர் தட்டி எடுத்துவிடுவார். துரு தின்ற குழிகள்தான் மறு குரோம் பூச்சிலும் தெரியும். கதவுக்கு ஒரு காந்தம் எடுத்துப்போய்க் கீழ் விளிம்பு நெடுக ஓட்டுங்கள். ஒட்டாமல் நழுவும் இடமெல்லாம் தகடு போய் பட்டி பூசிய இடம்.

கேள்வி (காரைக்குடி): தாத்தாவின் நான்கு கதவு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு நிற்கிறது. பாகம் கிடைக்குமா?

எஞ்சின், பிரேக் சார்ந்தவற்றுக்கு இங்கிலாந்தில் இதன் மூல வண்டியான டிரையம்ப் ஹெரால்டின் பாகம் விற்பவர்களைக் கேளுங்கள். அங்கே இன்னும் புதிதாகவே கிடைக்கின்றன. நான்கு கதவு மாதிரி மட்டும் நம் மெட்ராஸ் தயாரிப்பு, பிரிட்டனில் அது கிடையாது. அதனால் பின்கதவும் அதன் கண்ணாடியும் இந்தியாவில்தான் தேட வேண்டும். இதற்கு மட்டும் காயலான் கடையை விட, ஏதாவது ஷெட்டில் நிற்கும் முழு வண்டியை விசாரித்து வாங்குவது சுலபம்.

கேள்வி (தஞ்சாவூர்): ரேடியேட்டர் பழையதாக வாங்கலாமா?

பழைய வண்டி ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். கடைக்காரர் உலோக விலையை மனதில் வைத்தே கேட்பார். குழாய்களுக்கு நடுவே உள்ள மெல்லிய தகட்டுத் துடுப்புகளைக் கட்டைவிரலால் தேயுங்கள். பொடியாக உதிர்ந்தால் வேண்டாம். அதைவிட, உங்கள் பழைய தொட்டிகளையே வைத்து நடுவிலுள்ள குழாய்-தகட்டுப் பகுதியை (கோர்) மட்டும் புதிதாகக் கட்டித் தரும் ரேடியேட்டர் பட்டறைக்குப் போவது மேல்.